மூன்று முறை கூப்பிட்டார்கள்

செங்கல்பட்டு கோர்ட்டைத் தாண்டி, பஸ் ஏறாமல், திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். மார்கழி மாதத்து மத்தியானம். வெயில் உறைக்கவில்லை. சாலையின் இரு பக்கமும் நெல் கதிர் தள்ளி நின்றது. பின்னால் வந்த பஸ்கள் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, நான் கை காட்டாததைப் பார்த்துவிட்டு மறுபடியும் வேகமெடுத்தன. ஒரு கண்டக்டர் படியில் நின்றபடி, "இன்னாப்பா, குன்றம் வரிக்கும் நடந்தே போறியா, வேண்டுதலா?" என்று கேட்டார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. பஸ் ஏறினால் எங்கே இறங்கவேண்டும் என்று சொல்லிச் சீட்டு வாங்கவேண்டும். அன்று எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. வக்கீலம்மாவின் அறையில், போடவேண்டிய ஒரு கையெழுத்தைப் போடாமல் எழுந்து வந்திருந்தேன். அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் என் விவாகரத்துத் தீர்ப்பு கலைந்திருக்கும், தை மாதத்தில் நடக்கவிருந்த ஒரு கல்யாணம் நின்றிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், உப்பளத்தில் கூலி, இறால் குஞ்சுப் பண்ணையில் மோட்டார் போடும் வேலை என்று கால் போன இடமெல்லாம் போனேன். எந்த வேலையையும் நான் கெடுத்ததில்லை. எவரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதும் இல்லை. சில மாதம் ஓரிடத்தில் இருந்தால், அங்கே விடிகிற விடியல் பழகிப்போகும். பழகியதும் உடம்புக்குள் ஏதோ நமைச்சலெடுக்கும். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் ஒன்றில் கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கிளிஞ்சல் கடையில் சங்கும் சிப்பியும் கோத்து மாலை செய்துகொண்டிருந்தாள். புதுப்பட்டினத்தில் அவள் அண்ணனின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் குடியிருந்தோம். மகள் பிறந்தாள். மகள் தவழத் தொடங்கிய காலத்தில் நான் மறுபடியும் கிளம்பினேன். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தேன். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. கடைசியில், செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டப் போன பிறகு, இரண்டு வருடத்துக்கும் மேலாக நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. போகக்கூடாது என்று முடிவெடுத்து இருந்துவிடவில்லை. அடுத்த லோடு ஏறியதும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான்.

சவுக்குத் தோப்பு வேலை ஊர் விட்டு ஊர் மாறும். ஒரு தோப்பை வெட்டி, கிளை கழித்து, கட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போவோம். அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வெளியாள் யாராவது வந்து ஒருவனைப் பெயர் சொல்லிக் கேட்டால், அப்படி ஆளே இங்கே இல்லை என்று சொல்லிவிடவேண்டும். கேட்டு வருகிறவர் கடன் கொடுத்தவராக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம், எவனோ ஒருவனுடைய மைத்துனனாக இருக்கலாம். யார் என்று விசாரிக்கவே கூடாது. விசாரித்தாலே ஆள் இருப்பது தெரிந்துபோகும். மேஸ்திரி முதல் சமைக்கிற ஆள் வரை எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எங்களுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் இதில் யாரும் யாரையும் கைவிட்டதில்லை.

ஒருநாள் நான் தோப்பின் கோடியில் இருந்தபோது, கையில் பையோடு பேன்ட் போட்ட ஒருவர் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அந்தாளு எப்பவோ பூட்டான் சார். ஆந்திரா பக்கம் கீறான்னு கேள்வி," என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். சமைக்கிறவர் ஒரு படி மேலே போய், "அவன் இருந்தா எங்களுக்கே சொல்லு சார், நாங்களும் அவனத்தான் தேடிகினு கீறோம்," என்றிருக்கிறார். வந்தவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் இதை நடித்துக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று என் செலவில் எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தேன். வந்தவர் கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவந்த அமீனா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு புதுப்பட்டினம் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. முன்பக்கம் மச்சான் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டியூபைக் கீழே வைக்கவில்லை.

"வா மாப்ளே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"வூடு பூட்டிக் கீதே மச்சான்?"

"அவ கடைக்குப் போயிருக்கறா. பாப்பா இஸ்கூலுக்குப் போயிருக்குது. நீ உள்ள போவாத. சாவி என்கிட்டதான் கீது, தர மாட்டேன்." பிறகு டியூபைத் தூக்கி, துளை இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார். "கோர்ட்டே தீத்து வுட்டுச்சுப்பா. ஐப்பசியில. உனுக்கு நோட்டீஸ் அனுப்பி, நீ வாங்கல. இந்த வூட்டுக் கதவுல ஒட்டுனாங்க. அப்பால பேப்பர்ல கூடப் போட்டாங்க. அப்பவும் நீ வரல. தையில அவளுக்குக் கல்யாணம். அணுமின் நெலைய டவுன்ஷிப்ல டிரைவரு, நிரந்தர வேல. பொண்டாட்டி செத்துப்பூட்ட மனுஷன். பாப்பாவ நல்லா வச்சிக்கறாரு. நான் உன்னத் திட்டணும்னுதான் இருந்தேன். மூஞ்சியப் பாத்தா திட்ட வரல. போய்ட்டு வா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். என் கல்யாணம் முடிந்துபோனதை என்னைத் தவிர ஊரே தெரிந்துவைத்திருந்தது என்ற எண்ணம்தான் முதலில் சுட்டது. நான் இல்லாமல் எப்படி முடியும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே செங்கல்பட்டுக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் ஒருவர் மாடிப்படியைக் காட்டினார். "குடும்பக் கேஸ்னா அந்த அம்மாகிட்ட போ. பேசுறதக் கேக்கும்."

கீழே டைப்ரைட்டிங் பள்ளி. மேலே வக்கீலம்மாவின் அறை. கீழே பிள்ளைகள் தட்டுகிற சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலில் வந்து சேரும். அவர் நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். கூலிக்காரன் ஆனாலும் கடைக்காரன் ஆனாலும் எல்லோரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். காத்திருப்பவர்களுக்குத் தனி அறை கிடையாது. ஒருவர் கேள்வியை எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், நம் வீட்டு விஷயம் நம் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்து முதுகு சற்றுத் தளர்ந்தது.

அன்று எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார். "நாங்க பஞ்சாயத்துல வச்சி அத்துவுட்டுட்டோம்மா. ஊர்ல பெரிய மனுசங்க எல்லாம் கையெழுத்து போட்டுக்கீறாங்க. அப்பால இன்னாத்துக்குக் கோர்ட்டு?"

"அது காலங்காலமா உங்க சனத்துல இருக்கிற வழக்கம்னு கோர்ட்ல நிரூபிக்கணும் ஐயா. இல்லன்னா உங்க பொண்ணு நாளைக்கு வேற கல்யாணம் பண்ணும்போது, முதல் புருஷன் இருக்கும்போதே பண்ணதா ஆயிடும். வழக்கத்தை நிரூபிக்கிற நேரத்துல நேரா மனுவே போட்டுடலாம்."

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா நாளைக்கே குடுத்துடுவாங்களாம்மா?"

"மாட்டாங்க. ஒரு வருஷமாவது பிரிஞ்சி இருந்திருக்கணும். மனு போட்டப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும்."

"ஆறு மாசம் எதுக்கு?"

"மனசு மாறுறதுக்கு."

"மாறலன்னா?"

"மாறலன்னு வந்து சொல்றதுக்கு."

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு வேறு ஒருத்தி, புருஷன் நோட்டீஸை வாங்க மறுக்கிறான், கேஸ் நின்றுவிடுமா என்று கேட்டாள். நிற்காது என்றார் வக்கீலம்மா. கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள், தேதியன்று கோர்ட் வாசலில் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள், வராவிட்டால் ஒருதலையாக விசாரித்து முடித்துவிடுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, என் வீட்டுக் கதவில் ஒட்டிய காகிதம் என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கதவுக்கு நான்தான் ஒருமுறை பச்சை பெயின்ட் அடித்திருந்தேன்.

என் முறை வந்தபோது தோப்புக் கதையைச் சொன்னேன். அமீனாவை மேஸ்திரி திருப்பி அனுப்பியதைக் கேட்டபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்களைக் காப்பாத்தறதா நெனச்சிட்டாங்க," என்றார். பிறகு சட்டத்தை விளக்கினார். சம்மன் என் கைக்கு வந்து சேரவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். மேஸ்திரி வந்து நடந்ததைச் சொன்னால் பலம். ரத்தானால் கேஸ் முதலிலிருந்து நடக்கும். அதுவரை சட்டப்படி நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

"அப்ப தையில கல்யாணம்?"

"நடக்காது. மேல்முறையீட்டுக் கெடு தாண்டினதாலதான் அவங்க தேதி குறிச்சிருக்காங்க. கோயில்லயும் தீர்ப்போட நகலைக் கேப்பாங்க. நீங்க மனுப் போட்டா அந்த நகலுக்கு மதிப்பு போயிடும்."

போடுங்கள் என்றேன். அவர் உடனே போடவில்லை. "அவங்களப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாத்துட்டு வாங்க. கேஸ் பேசாதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க. வர்ற திங்கக்கெழம வக்காலத்து தயாரா இருக்கும்." தன் கட்சிக்காரனை எதிராளியிடம் அனுப்புகிற வக்கீலை நான் கேள்விப்பட்டதில்லை. வேலையைத் தள்ளிப்போடப் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். கூட்டமான நாள். கிளிஞ்சல் கடையில் அவள் ஒரு வெளியூர்க் குடும்பத்துக்குச் சங்கு காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சங்கைக் காதில் வைத்துப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் கொடுத்து, வியாபாரம் முடித்து, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். இளைத்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கேஸ் பேசக்கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருந்ததால் பலகையில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"ஆச்சு."

"பொய் சொல்ற." கடைக்குள் இருந்த தூக்குவாளியை நகர்த்தி வைத்தாள். நான் தொடவில்லை. அவள் பாசியைக் கோத்துக்கொண்டே பேசினாள். "உன் பேர மூணு தபா கூப்ட்டாங்க. தாழ்வாரத்துல நின்னுகினு டவாலி கத்தறாரு. நான் உள்ள பெஞ்சில உக்காந்துகினு வாசலயே பாத்துகினு இருந்தேன்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் நான் வருவேன் என்று காத்திருந்தாள். இரண்டு வருடம் கழித்தும் காத்திருந்திருக்கிறாள். மச்சான்தான் அவளைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். மனதுக்குள் இப்படிக் கட்டிக்கொண்டேன். நாளைக்குப் போய் முதல் வேலையாகக் கையெழுத்துப் போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில் மகள் வந்தாள். பக்கத்துக் கடைப் பிள்ளைகளோடு மணலில் விளையாடிவிட்டு வந்தவள், என்னைப் பார்த்து ஒரு நொடி நின்று, பிறகு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மறந்திருப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். மறக்கவில்லை. மாமா கடையில் சின்ன சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதையும், விழுந்து முட்டி சிராய்த்ததையும் சொல்லித் தழும்பைக் காட்டினாள். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டாணி சுண்டல் வாங்கித் தந்தேன். பாதி தின்றுவிட்டு, மீதியைக் காகிதத்தோடு மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தத் தபா எப்ப போவ?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். நான் போகவில்லை என்றேன். அவள் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த அலைக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். திரும்பிக் கொண்டுபோய் விட்டபோது மீதிச் சுண்டலை அம்மாவிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வக்கீலம்மாவின் மேஜையில் வக்காலத்து இருந்தது. அன்று சீக்கிரமே போய்விட்டதால் வேறு யாரும் வந்திருக்கவில்லை. கீழே டைப்ரைட்டர்களும் தொடங்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கியதும், "ஒரு நிமிஷம். எல்லாருகிட்டயும் நான் ஒண்ணு கேப்பேன். உங்ககிட்டயும் கேக்கறேன்," என்றார். "உங்க கதைய அன்னைக்குச் சொல்லிட்டீங்க. இப்ப அவங்க கூண்டுல ஏறி நின்னா எப்படிச் சொல்லுவாங்களோ, அப்படியே நீங்க சொல்லுங்க. 'அவ'ன்னு சொல்லக் கூடாது. 'நான்'னு சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"அந்தப் பக்கத்து வக்கீல் அதைத்தான் கேக்கப் போறாரு. கோர்ட்ல மொதல் தடவையா கேட்டு நீங்க அதிர்ந்து நிக்கக்கூடாது."

விளையாட்டு போல இருந்தது. சிரித்துக்கொண்டுதான் தொடங்கினேன். "நான் கிளிஞ்சல் கடையில வேல செய்யறேன். எம் புருஷன் சவுக்கு வெட்டப் போனாரு. அப்பால வரல."

"பொங்கலுக்கு வந்தாரா?"

"வரல. பாப்பாவுக்குத் துணி எங்கண்ணன்தான் எடுத்துக் குடுத்துச்சு."

"குழந்தைக்கு ஒடம்பு சரியில்லாம போனப்ப?"

அந்த ஜுரத்தைப் பற்றி யாரோ லாரிக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார், எப்போதோ. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். "ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன். கடைக்கு லீவு போட்டேன். அவருக்குச் சொல்லியனுப்புனேன். அடுத்த லோடு ஏறுனதும் வரேன்னு சொன்னாராம்." என் குரல் மாறிவிட்டது எனக்கே கேட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'நான்' என்று தொடங்கியவுடன் பேச்சு தன்னால் வந்தது. "வரலன்னாக்கூடப் பரவால்லம்மா. வந்துட்டுப் போறதுதான் கஷ்டம். முன்ன எல்லாம் வருவாரு, ரெண்டு நாளு தோள்ல தூக்கிகினு திரிவாரு, காலையில பாப்பா எழுந்துக்கறதுக்குள்ள பூடுவாரு. அவரு போனதும் பாப்பா ஒரு வாரம் ஒழுங்கா சாப்புடாது. வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா எழுந்து ஓடும். அப்பால மெதுவா சரியாகும். சரியாகும்போது மறுபடியும் வருவாரு."

வக்கீலம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "கேஸ் அன்னைக்குக் கோர்ட்ல என்ன நடந்தது?"

"மூணு தபா கூப்ட்டாங்க. நான் வாசலயே பாத்துகினு இருந்தேன்."

"வரணும்னா, வரக்கூடாதுன்னா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. வழக்கமான ஒரு கேள்வியைக் கேட்பது போலத்தான் கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் என்றால் நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள். மகள் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடப் பழகியிருக்கிறாள். அவளை நன்றாக வைத்துக்கொள்ள ஒருவர் வந்திருக்கிறார். அந்தப் பெயருக்கு உரியவன் இந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றால், ஒரு வாரம் இருப்பான்.

"வரக்கூடாதுன்னு," என்றேன்.

கீழே யாரோ கதவைத் திறந்து முதல் டைப்ரைட்டரைத் தட்டத் தொடங்கினார்கள். நான் பேனாவை வக்காலத்தின் மேல் வைத்தேன். போடச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முப்பது நாளில் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது, யோசித்து வரலாம் என்றார். பிறகு வேறொன்று சொன்னார். அன்று அவர் சொன்னதில் எனக்கு இன்றுவரை வரி வரியாக நினைவிருப்பது அதுதான்.

"தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்குள்ளதான். புருஷன் பொண்டாட்டி உறவுதான் முடிஞ்சது. அப்பா மகள் உறவை எந்தக் கோர்ட்டும் ரத்து பண்ணல. குழந்தையப் பாக்கணும்னா அதுக்குத் தனியா மனு. அவளுக்குப் பதினெட்டு வயசு ஆகுறவரைக்கும் எப்ப வேணும்னாலும் போடலாம். அந்த மனுவுல உங்க விலாசம் எழுதணும். ஒரே விலாசத்துல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க. நான் போடறேன்."

சரி என்றேன். இப்போது என்ன விலாசம் என்று அவர் கேட்கவில்லை. அது அவருடைய மரியாதை. படியிறங்கி, டீக்கடையைத் தாண்டி, ஏரிக்காற்று முகத்தில் அடிக்க நடக்க ஆரம்பித்தேன்.

அந்த மனுவை நான் போடவே இல்லை. மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் போடலாம் என்று இருந்தேன். விலாசம் மட்டும் அமையவில்லை. அந்த டிரைவர் நல்ல மனிதர். மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு மச்சான் மூலம் எனக்குப் பத்திரிகையும் அனுப்பினார். இப்போது அவள் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறாள். எப்போதாவது போவேன். 'வாங்க' என்பாள், சாப்பாடு போடுவாள், பேரனை என் மடியில் உட்காரவைப்பாள். 'அப்பா' என்று அவள் போனில் பேசுவது அந்த டிரைவரோடு. அது சரிதான். கிளம்பும்போது மட்டும் எப்போது போகிறீர்கள் என்று கேட்கமாட்டாள். நானாக எழுந்துகொள்ளும்வரை விட்டுவிடுவாள். வக்கீலம்மாவைத் தேடி ஒருமுறை செங்கல்பட்டு போனேன். டைப்ரைட்டிங் பள்ளி இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. மாடியில் வேறு ஒருவர் பெயர்ப்பலகை. டீக்கடையும் கை மாறியிருந்தது. அந்த அம்மா காலமாகிச் சில வருடம் ஆகிறது என்று கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் எடுப்பவர் சொன்னார். விவாகரத்து வக்கீல்கள் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் என்று யாராவது என் எதிரில் பேசினால் நான் வாதம் செய்வதில்லை. ஒரு காலை நேரத்தில், என்னை வேறொருத்தியின் இடத்தில் உட்காரவைத்த ஒரே மனுஷி அவர்தான். அதற்குமுன் அந்த இடத்திலிருந்து நான் என்னைப் பார்த்ததே இல்லை.

மறுபடியும் அந்த நாளுக்கே வருகிறேன். இருட்டும் முன் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தேன். கால் கொப்பளித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் கடலோரம் போகும் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டி இறால் பண்ணைகள் இருந்தன. குளத்துக் கரையில் காற்றாடி மோட்டார்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. முதல் பண்ணையில் ஆள் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது பண்ணையின் முதலாளி கரையில் உட்கார்ந்து வலையில் இறாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கும் தீவனம் போடவும் ஆள் தேவை, அறுவடை தை கடைசியில், அதுவரை இடத்தை விட்டு நகரக்கூடாது என்றார். நகர மாட்டேன் என்றேன்.

"எல்லாரும் இதையேத்தான் சொல்றான். குடும்பம் கீதா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"கோர்ட்ல தீத்து வுட்டாங்க. ஐப்பசியில."

அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பரிதாபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது.

"அப்ப நீதான் சரி. பொண்டாட்டி புள்ள இருக்கறவன வச்சேன்னா பொங்கலுக்கு வூட்டுக்கு ஓடிப்பூடறான். குளம் நாறிப் பூடுது."

தீவன வாளியை என் பக்கம் தள்ளினார். கரையைச் சுற்றி நடந்துகொண்டே ஒரே சீராக வீசவேண்டும், ஒரே இடத்தில் கொட்டிவிடக்கூடாது என்று கையை ஆட்டிக் காட்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு, முதல் குளத்தின் கரையிலிருந்து தொடங்கினேன்.